பயன்படாக் குறிமுறையை நீக்குதல்: உட்பொதி மென்பொருளின் தொகுப்பும் இணைப்பும் பற்றிய ஒரு நோக்கு

கணனி என்றதும் திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவியொன்றே பெரும்பாலும் நம் மனக்கண் முன் தோன்றுகின்றது. ஆயினும், சலவை இயந்திரத்தினுள்ளும், மின்மானியினுள்ளும், மோட்டார் வாகனத்தின் தடுப்பு அமைப்பினுள்ளும், இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவியினுள்ளும், விண்கலத்தினுள்ளும் திரையற்ற சிறு கணனிகள் இடையறாது இயங்கிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கென எழுதப்பெற்று, இவற்றின் நினைவகத்தில் நிலையாகப் பதிக்கப்படும் செய்நிரலையே உட்பொதி மென்பொருள் என்கிறோம். அம்மென்பொருளை ஆக்கும்போது, பயன்படாத குறிமுறை எவ்வாறு இனங்காணப்பட்டு நீக்கப்படுகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது கணனித் தொழினுட்பத்தின் ஒரு சிறு கூறு போலவே தோன்றும். ஆனால், ஒன்று 'பயன்படாதது' என்ற தீர்ப்பை யார் வழங்குவது, எதனை நோக்கி வழங்குவது என்ற வினா இதனுள் அடங்கியிருக்கின்றது. பயனின்மை என்பது குறிமுறைக்கு இயல்பாக அமைந்த குணமன்று. அது நோக்குபவரின் பார்வை எல்லையைப் பொறுத்த ஒரு முடிபு. தொகுப்பான், இணைப்பான், மனிதர் ஆகிய முத்தரப்பினரும் வெவ்வேறு எல்லைக்குள் நின்றே இம்முடிபுக்கு வருகின்றனர். அவ்வெல்லைகளை உணராதவிடத்துத் தேவையானது நீக்கப்படுவதும் தேவையற்றது எஞ்சுவதும் நிகழ்கின்றன. இவ்விரண்டுக்கும் வரலாற்றில் சான்றுகள் உண்டு.

1. இடநெருக்கடி

1969ஆம் ஆண்டில் மனிதரைச் சந்திரனுக்கு வழிநடத்திய அப்பல்லோ வழிகாட்டிக் கணனியின் நிலையான நினைவகம் 36,864 சொற்களைக் கொண்டது. மாற்றத்தக்க நினைவகமோ 2,048 சொற்கள் மட்டுமே. ஒரு சொல் என்பது 16 பிற்றுக்கள். அந்நிலையான நினைவகம் சிறு காந்த வளையங்களினூடாகவும் அவற்றுக்குப் புறம்பாகவும் கம்பிகளைச் செலுத்திக் கையால் பின்னப்பட்டது. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துத் தொழிற்சாலையிற் பணியாற்றிய பெண் தொழிலாளரே அதனைப் பின்னினர். அங்கு பயன்படாத ஒரு கட்டளை வெறும் இடவிரயம் அன்று. ஒருவரது கையுழைப்பின் விரயமுமாகும்.

நினைவகத்தின் விலை பன்மடங்கு வீழ்ந்துவிட்ட இக்காலத்தும் இந்நெருக்கடி மறையவில்லை. மாணவரும் ஆர்வலரும் பெரிதும் கையாளும் ஏரிமெகா 328 என்ற நுண்கட்டுப்படுத்தியில் செய்நிரலுக்கான பிளாஷ் நினைவகம் 32 கிலோபைற்று. தரவுக்கான நினைவகம் 2 கிலோபைற்று. அதன் இனத்தைச் சேர்ந்த ஏரிரைனி 13 என்பதிலோ முறையே 1 கிலோபைற்றும் 64 பைற்றுமே உள்ளன. யூ.ரி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்று இடம் கொள்ளும். எனவே இக்கட்டுரையின் எழுத்துக்களைக்கூட முன்னைய சில்லினுள் முழுமையாக அடக்கிவிட இயலாது. இலட்சக்கணக்கில் உற்பத்தி செய்யப்படும் ஒரு கருவியில், ஒரு படி பெரிய சில்லைப் பயன்படுத்த நேரின் அவ்விலை வேறுபாடு இலட்சக்கணக்கான தடவை பெருகி, ஈற்றில் அக்கருவியை வாங்குவோர் மீதே சுமத்தப்படும்.

இடம் மட்டுமே காரணமன்று. எஞ்சியிருக்கும் ஒவ்வொரு கட்டளையும் பரிசோதிக்கப்பட வேண்டியது, பிழைக்கு இடமளிக்கக்கூடியது. மேலும், நினைவகத்தில் ஏற்கெனவே உள்ள குறிமுறைத் துண்டுகளையே கோத்துத் தம் நோக்கத்துக்கு இயக்கும் தாக்குதல் முறையொன்றும் உண்டு. அத்தகைய தாக்குதலுக்குப் பயன்படாக் குறிமுறையும் பயன்படும் என்பது முரண்போலத் தோன்றினும் உண்மையே.

2. 'பயன்படாதது' என்பதன் பொருள்கள்

அன்றாட வழக்கில் ஒரே சொல்லாற் குறிக்கப்படும் இதனை நான்காகப் பகுத்து நோக்குதல் தெளிவு தரும்.

முதலாவது, அடையவியலாக் குறிமுறை. எந்த நிலையிலும் இயக்கம் சென்று சேராத கட்டளைகள் இவை. திரும்பிச் செல்க என்ற கட்டளைக்குப் பின் எழுதப்பட்ட வரிகள் இதற்கு எளிய உதாரணமாகும்.

இரண்டாவது, விளைவற்ற குறிமுறை. இது இயங்கும், ஆனால் இதன் பெறுபேற்றை எவரும் பயன்படுத்தார். ஒரு கூட்டுத்தொகையைக் கணித்து மாறியொன்றில் இட்டு, அதனை ஒருபோதும் வாசியாமல் விடுவது இவ்வகை.

மூன்றாவது, அழைக்கப்படாத குறிமுறை. ஒரு துணைநிரல் தன்னளவில் நிறைவானதாக இருக்கும். ஆனால் இச்செய்நிரலின் எப்பகுதியும் அதனை அழைப்பதில்லை.

நான்காவது, தேவையற்ற குறிமுறை. இது அழைக்கப்படுகின்றது, இயங்குகின்றது, விளைவையும் தருகின்றது. ஆயினும் கருவியின் பணிக்கு அவ்விளைவு வேண்டப்படுவதில்லை.

சீ மொழியிற் பாதுகாப்பான செய்நிரல்களை எழுதுவதற்கான மிஸ்றா விதிகள் முதலிரு வகைகளையும் தனித்தனி விதிகளால் விலக்குகின்றன. வானூர்தி மென்பொருளுக்கென 2011இல் வெளியான டி.ஓ.-178சி என்ற நியமமோ வேறொரு வேறுபாட்டைச் செய்கின்றது. எந்தத் தேவைக்கும் உரித்தல்லாது தவறுதலாக எஞ்சிய குறிமுறை நீக்கப்படல் வேண்டும் என்றும், குறித்தவொரு வானூர்தி அமைப்பில் இயங்காதிருக்குமாறு திட்டமிட்டே வைக்கப்பட்ட குறிமுறை, அது தவறுதலாக இயங்காது என்பதற்குச் சான்று காட்டப்படுமிடத்து இருக்கலாம் என்றும் அது கொள்கின்றது. இரு குறிமுறைகளும் தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கலாம்; வேறுபாடு ஆக்கியோரின் நோக்கத்திலும் சான்றிலுமே தங்கியுள்ளது.

3. தொகுப்பானின் பார்வை

மனிதர் எழுதிய மூல நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுவது தொகுப்பானின் தொழில். மாற்றும்போதே அது குறிமுறையைச் செப்பனிடவும் செய்கின்றது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சஸ் அலன், ஜோன் கொக் ஆகியோர் 1970களின் தொடக்கத்தில் இத்தகைய செப்பனிடல்களை நிரற்படுத்தி வெளியிட்ட கட்டுரையிற் பயனற்ற குறிமுறையை நீக்குதலும் ஒன்றாக இடம்பெற்றது. பிரான்சஸ் அலன் 2006ஆம் ஆண்டுக்கான ரூரிங் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். வெப்பமானிக் கருவியொன்றின் நிரலில் 'சோதனைமுறை' என்ற மாறிலிக்குப் பூச்சியம் என்ற பெறுமானம் தரப்பட்டுள்ளது எனக் கொள்வோம். சோதனைமுறை பூச்சியம் அல்லவாயின் 'விரிவான அறிக்கை' என்ற துணைநிரலை அழைக்குமாறு ஓரிடத்தில் எழுதப்பட்டுள்ளது. தொகுப்பான் அப்பெறுமானத்தை நிபந்தனையிற் பிரதியிட்டு, அது ஒருபோதும் உண்மையாகாது எனக் கண்டு, அக்கிளை முழுவதையும் அகற்றுகின்றது. கிளை அகன்றதும் 'விரிவான அறிக்கை'யை அழைப்பார் எவருமிலர். அத்துணைநிரல் அக்கோப்பினுள் மட்டுமே வழங்கும் என்று சீ மொழியின் 'ஸ்ரற்றிக்' என்ற சொல்லால் அறிவிக்கப்பட்டிருப்பின் அதுவும் அகற்றப்படுகின்றது. பின்னர் அது மட்டுமே அழைத்த வேறு துணைநிரல்களும் அவ்வாறே அகல்கின்றன.

அந்த அறிவிப்பு இல்லாதவிடத்துத் தொகுப்பான் தயங்கி நிற்கின்றது. ஏனெனில், அது ஒரு வேளையில் ஒரு கோப்பை மட்டுமே காண்கின்றது. வேறொரு கோப்பிலிருந்து அத்துணைநிரல் அழைக்கப்படலாம், அழைக்கப்படாமலும் விடலாம். அறியாத நிலையில் வைத்திருப்பதே அறிவுடைமை. எனவே தொகுப்பான் அதனை அடுத்த கட்டத்தின் பொறுப்பில் விட்டுவிடுகின்றது.

இதனின் ஆழமான எல்லையொன்றும் உண்டு. எழுந்தமானமாகத் தரப்பட்ட எந்தவொரு செய்நிரலிலும் குறித்த ஒரு கட்டளை என்றேனும் இயங்குமா என்பதை எப்போதும் சரியாகக் கூறவல்ல பொதுமுறை எதுவும் இருக்க முடியாது. 1936இல் அலன் ரூரிங் நிறுவிய பெறுபேற்றிலிருந்து இது பெறப்படுகின்றது. ஆகவே தொகுப்பான்கள் எவ்வளவு திறன் பெற்றாலும், ஐயத்துக்கிடமின்றிப் பயனற்றவை எனக் காட்டத்தக்கவற்றை மட்டுமே நீக்க இயலும்.

4. இணைப்பானின் பார்வை

தனித்தனியாகத் தொகுக்கப்பட்ட கோப்புகளை ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு பெயருக்கும் உரிய முகவரியை நிர்ணயித்து, சில்லிற் பதிக்கத்தக்க முழு வடிவத்தை ஆக்குவது இணைப்பான். முழுமையையும் ஒருங்கே காண்பது அதுவே. ஆனால் அது காண்பது கட்டளைகளின் கருத்தை அன்று. கோப்புகளையும், அவற்றின் பிரிவுகளையும், பெயர்களுக்கிடையிலான தொடர்புகளையும் மட்டுமே.

துணைநிரல் நூலகத்திலிருந்து எடுக்கும்போது, வேண்டப்பட்ட பெயரைக் கொண்ட கோப்பை மட்டுமே இணைப்பான் எடுத்துக்கொள்கின்றது. ஆனால் எடுத்தால் அக்கோப்பை முழுமையாகவே எடுக்கும். வெப்பநிலை, ஈரப்பதன், அமுக்கம் ஆகிய மூன்றையும் வாசிக்கும் துணைநிரல்கள் ஒரே கோப்பில் இருப்பின், வெப்பநிலையை மட்டும் வேண்டிய கருவிக்கு ஏனைய இரண்டும் சேர்ந்தே வந்துவிடும். இதனாலேயே நூலகங்களை ஆக்குவோர் ஒரு கோப்புக்கு ஒரு துணைநிரல் என்ற வழக்கத்தைப் பின்பற்றி வந்தனர்.

அந்தச் சிரமத்தைத் தொகுப்பானிடமே ஒப்படைக்கும் வழி பின்னர் வந்தது. ஜீ.சீ.சீ. தொகுப்பானுக்கு 'பங்ஷன்-செக்ஷன்ஸ்', 'டேற்றா-செக்ஷன்ஸ்' என்ற இரு தெரிவுகளைக் கொடுத்தால், ஒவ்வொரு துணைநிரலையும் ஒவ்வொரு தரவுப் பொருளையும் அது தனித்தனிப் பிரிவில் இடும். பின்னர் இணைப்பானுக்கு 'ஜீசீ-செக்ஷன்ஸ்' என்ற தெரிவைக் கொடுத்தால், அது தொடக்கப் புள்ளியிலிருந்து புறப்பட்டு, அங்கிருந்து சுட்டப்படும் பிரிவுகளையும், அவை சுட்டும் பிரிவுகளையும் தொடர்ந்து சென்று அடையாளமிடும். அடையாளம் பெறாத பிரிவுகள் கைவிடப்படும். லிஸ்ப் மொழிக்கென ஜோன் மக்காதி 1960இல் விவரித்த நினைவக மீட்பு முறையின் அதே தத்துவம் இங்கும் தொழிற்படுகின்றது: வேர்களிலிருந்து எட்டத்தக்கது வாழும், ஏனையது அகலும்.

இம்முறையின் குறையும் இங்கேயே உள்ளது. சுட்டப்படுதல் என்பது அழைக்கப்படுதலுக்குச் சமமன்று. துணைநிரல்களின் முகவரிகளை அட்டவணையொன்றில் இட்டு வைத்தால், அட்டவணை எட்டப்பட்ட அளவில் அதிலுள்ள அனைத்தும் உயிர்பெற்றுவிடும். அவற்றுள் ஒன்று ஒருபோதும் தெரிவுசெய்யப்படாவிடினும் இணைப்பான் அதனை அறியாது.

சீ மொழியின் 'பிரின்ற்எஃப்' என்ற அச்சிடும் துணைநிரல் இதற்குத் தக்க சான்றாகும். ஒரு முழு எண்ணை மட்டும் அச்சிட அதனை அழைத்தாலும், தசம எண்கள் முதலிய ஏனைய வகைகளை அச்சிடும் குறிமுறையும் உடன் வரக்கூடும். எதனை அச்சிடுவது என்ற குறிப்பு ஓர் எழுத்துச் சரமாகத் தரப்பட்டு, கருவி இயங்கும் வேளையிலேயே வாசிக்கப்படுகின்றது. அச்சரத்தின் பொருள் இணைப்பானுக்குப் புலப்படாது. ஆகவே ஏ.வி.ஆர். சில்லுகளுக்கான நூலகத்தில் இத்துணைநிரலுக்குச் சிறியது, இடைநிலையானது, தசம எண்களையும் கையாள்வது என மூன்று வடிவங்கள் வைக்கப்பட்டு, எது வேண்டுமென்பது செய்நிரலாளரின் தெரிவுக்கே விடப்பட்டுள்ளது. கருவி காணாததை மனிதர் சொல்ல வேண்டியிருக்கின்றது.

தொகுப்பானின் நுண்பார்வையையும் இணைப்பானின் முழுப்பார்வையையும் ஒன்றிணைக்கும் முயற்சியே இணைப்புவேளை உகப்பாக்கம். ஜீ.சீ.சீ. தொகுப்பானில் இது 2010இல் வெளிவந்த 4.5ஆம் பதிப்பில் இடம்பெற்றது. கோப்புகளின் எல்லை இங்கு மறைந்துவிடுகின்றது. ஆனால் செய்நிரலின் எல்லை மறைவதில்லை. அவ்வெல்லைக்கு அப்பால் நிற்பது வன்பொருள்.

5. பெயர் சொல்லி அழையாத வன்பொருள்

உட்பொதி மென்பொருளுக்கே சிறப்பாக உரிய இடர்ப்பாடு இதுவாகும். ஆர்ம் கோர்ரெக்ஸ்-எம் வகைச் செயலி மின்னூட்டம் பெற்றதும், நினைவகத்தில் உள்ள முகவரி அட்டவணையின் முதற் சொல்லிலிருந்து அடுக்குச் சுட்டியின் தொடக்கப் பெறுமானத்தையும், அடுத்த சொல்லிலிருந்து இயங்கத் தொடங்கவேண்டிய முகவரியையும் எடுக்கின்றது. அவற்றைத் தொடர்ந்து வருவன குறுக்கீடுகளைக் கையாளும் துணைநிரல்களின் முகவரிகள். ஒரு விசை அழுத்தப்படும்போதோ கடிகாரம் குறித்த கணத்தை அடையும்போதோ வன்பொருளே அவற்றை அழைக்கின்றது.

பொதுவாக இவ்வட்டவணையைச் செய்நிரலின் எந்த வரியும் சுட்டுவதில்லை. எனவே இணைப்பானின் பார்வையில் அது எட்டப்படாத பிரிவு, நீக்கத்தக்கது. நீக்கினால் எஞ்சுவது இயங்காத ஒரு சில்லு. இதனைத் தவிர்க்க, இணைப்பானுக்கு வழங்கும் அறிவுறுத்தற் கோப்பில் அப்பிரிவைக் 'கீப்' என்ற சொல்லினுள் அடைத்து, இது வைத்திருக்கப்பட வேண்டியது என மனிதர் அறிவிக்கின்றனர். அவ்வறிவிப்பால் அட்டவணை ஒரு வேராகின்றது; அது சுட்டும் துணைநிரல்கள் யாவும் அதன்வழி உயிர்பெறுகின்றன.

6. தேவையானது நீக்கப்படுதல்

தொகுப்பானும் இவ்வாறே தன் எல்லைக்குள் நின்று தீர்ப்பளிக்கின்றது. சிறிது நேரம் காத்திருக்கும் பொருட்டு ஆயிரம் தடவை எதுவும் செய்யாது சுழலும் ஒரு வளையத்தை நாம் எழுதினால், அதற்கு விளைவில்லை எனத் தொகுப்பான் நீக்கிவிடலாம். மொழியின் இலக்கணத்திற் கணிப்பின் பெறுபேறு உண்டு, காலத்துக்கு இடமில்லை. வன்பொருட் பதிவகமொன்றில் ஒரே பெறுமானத்தை இருமுறை எழுதினால் முதலாவது வீணென அது கருதலாம். சாதனமோ இரண்டையும் எதிர்பார்த்து நிற்கும். இத்தகைய இடங்களில் 'வொலற்றைல்' என்ற சொல்லால், இவ்வெழுத்தும் வாசிப்பும் புறவுலகுக்குப் புலப்படுபவை என அறிவித்தல் வேண்டும்.

இரகசியச் சாவியொன்றைப் பயன்படுத்திய பின் நினைவகத்திலிருந்து பூச்சியங்களால் அழிப்பது பாதுகாப்பு நடைமுறை. அழித்த இடத்தைப் பின்னர் எவரும் வாசியாமையால் அவ்வழித்தலே வீணெனத் தொகுப்பான் நீக்கிவிட, சாவி நினைவகத்தில் எஞ்சும். நீக்கப்படாது என்ற உறுதியுடன் அழிக்கும் துணைநிரலொன்று சீ மொழியின் 2023ஆம் ஆண்டு நியமத்திற் சேர்க்கப்பட்டமை இவ்விடரின் முதன்மையைக் காட்டும்.

2009இல் லினக்ஸ் கருவின் வலையமைப்புச் சாதனப் பகுதியொன்றிற் கண்டறியப்பட்ட குறை மேலும் நுண்மையானது. அங்கு ஒரு சுட்டியின் வழியாக முதலில் வாசித்துவிட்டு, பின்னரே அது வெற்றுச் சுட்டியா எனச் சோதிக்கப்பட்டிருந்தது. வெற்றுச் சுட்டியின் வழியாக வாசித்தல் மொழியின் விதிக்கு மாறானது. ஏற்கெனவே வாசிக்கப்பட்டமையால் அது வெற்றுச் சுட்டியாக இருக்க முடியாது. எனவே சோதனை பயனற்றது எனத் தொகுப்பான் முடிவுசெய்து அதனை நீக்கியது. தருக்கத்திற் குற்றமில்லை. ஆனால் அக்கருவில் அவ்வாசிப்பு எப்போதும் இயக்கத்தை நிறுத்திவிடாது. எஞ்சியிருந்த ஒரே காவல் அச்சோதனையே. காவல் அகன்றதும், அதிகாரமற்ற பயனர் முழு அதிகாரத்தைக் கைப்பற்றும் வழி திறந்தது. அதன்பின் இத்தகைய நீக்கத்தைத் தடுக்கும் தெரிவுடனேயே அக்கரு தொகுக்கப்படலாயிற்று.

7. தேவையற்றது எஞ்சுதல்

மறுபக்கத்துக்கு 1996 யூன் 4ஆம் திகதி நிகழ்ந்த ஆரியான் 5 உந்துகணையின் முதற் பயணம் சான்றாகும். பிரெஞ்சுக் கயானாவின் கூரூவிலிருந்து நான்கு ஆய்வுச் செய்மதிகளுடன் புறப்பட்ட அது, ஒரு நிமிடமேனும் பறக்குமுன் திசைமாறிச் சிதறியது. கணிதவியலறிஞர் லியோன்ஸ் தலைமையிலான குழு காரணத்தை ஆராய்ந்து அதே ஆண்டு யூலையில் அறிக்கையளித்தது.

உந்துகணையின் நிலையை அளக்கும் சடத்துவ அமைப்பின் மென்பொருள் ஆரியான் 4இலிருந்து பெறப்பட்டது. புறப்படுமுன் அளவீடுகளைச் சீர்செய்யும் பகுதியொன்று அதில் இருந்தது. எண்ணிக்கை இடையில் தடைப்பட்டால் மீண்டும் விரைவிற் தொடங்குவதற்காக, புறப்பட்ட பின்னும் ஏறத்தாழ 40 வினாடி அது இயங்குமாறு முன்னைய உந்துகணைக்கென அமைக்கப்பட்டிருந்தது. ஆரியான் 5க்கு அத்தேவை இருக்கவில்லை. ஆயினும் அப்பகுதி அவ்வாறே இயங்கியது. புதிய உந்துகணையின் கிடைவேகம் கூடுதலாகையால், 64 பிற்றுத் தசம எண்ணொன்றை 16 பிற்று முழு எண்ணாக மாற்றும்போது அது 32,767 என்ற எல்லையை மீறியது. மாற்று அமைப்பும் முதன்மை அமைப்பும் அதே காரணத்தால் அடுத்தடுத்துச் செயலிழந்தன. அவ்வமைப்பு அனுப்பிய பிழைக்குறிப்பைப் பறப்புத் தரவாகக் கொண்ட பிரதான கணனி, உந்துகணையைத் தவறான திசையிற் திருப்பியது.

எந்தத் தொகுப்பானும் இணைப்பானும் இப்பகுதியை நீக்கியிருக்க மாட்டா. அது அழைக்கப்பட்டது, இயங்கியது, விளைவு தந்தது. நாம் முன்னர் வகுத்த நான்காவது வகை இதுவே. அதனை இனங்காண வேண்டியவர், இக்கருவி எதற்காக என்று அறிந்த மனிதர். தேவைப்பட்டாலன்றிப் பறப்பின்போது எந்த மென்பொருட் பகுதியும் இயங்கலாகாது என்பது அவ்வறிக்கையின் முதற் பரிந்துரையிற் பொதுவிதியாகவே கூறப்பட்டது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிபுகளைப் பெறலாம். முதலாவதாக, நீக்கும் கருவிகளைப் பயன்படுத்துதல் வேண்டும்; ஆனால் அவை எதனை நீக்கின என்பதை வாசித்தறிதலும் வேண்டும். இணைப்பான் தான் கைவிட்ட பிரிவுகளின் பட்டியலையும், எஞ்சியவற்றின் வரைபடக் கோப்பையும் தரவல்லது. இரண்டாவதாக, வைத்திருக்குமாறு விதிக்கப்படும் ஒவ்வொரு பிரிவின் அருகிலும், வன்பொருளின் எந்தத் தேவைக்காக அது வைக்கப்படுகின்றது என்ற காரணம் எழுதப்படல் வேண்டும். காரணம் எழுதப்படாத விதிகளை நாளடைவில் எவரும் தொடத் துணியார்; அவ்வாறே சுமை வளர்கின்றது. மூன்றாவதாக, பரிசோதனை, நீக்கத்துக்குப் பின்னர் சில்லிற் பதிக்கப்படும் அதே வடிவத்தின் மீதே நடத்தப்படல் வேண்டும். நான்காவதாக, பழைய கருவியின் நிரலைப் புதியதற்கு எடுத்தாளும்போது, அதன் ஒவ்வொரு பகுதியும் புதிய தேவையொன்றுடன் பொருத்தி நியாயப்படுத்தப்படல் வேண்டும்.

தொகுப்பான் கோப்பைக் காண்கின்றது. இணைப்பான் செய்நிரலைக் காண்கின்றது. அவ்விரண்டும் கருவியைக் காண்பதில்லை, அக்கருவியை நம்பியிருக்கும் மக்களையும் காண்பதில்லை. மனிதருக்கு மட்டுமே அப்பார்வை வாய்த்துள்ளது. தானியங்கும் சாதனங்கள் பெருகப் பெருக, எது பயனற்றது என்ற தீர்ப்பையும் அவற்றிடமே முற்றாக ஒப்படைத்துவிடும் போக்கு வலுப்பெறுகின்றது. காணத்தக்கதை அவை நம்மிலும் திறம்படக் காணும் என்பதில் ஐயமில்லை. அவற்றின் பார்வை எங்கே முடிகின்றது என்பதை அறிந்து, அவ்விடத்திலிருந்து பொறுப்பேற்பதே செய்நிரலாளரின் கடனாகும்.